ஏறிய ஆயில், மறுக்கப்பட்ட வாரண்டி: பயோடீசல் ஊற்றிய ஒரு கேம்பர் வேன்

பின்னணி

வேன் என்னிடம் வந்தபோது அதற்கு வயது மூன்று. 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டர்போ டீசல் எஞ்சின். புகைக்கரியைப் பிடித்து வைத்து அவ்வப்போது எரித்துவிடும் கரி வடிகட்டியும், யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பும் அதில் இருந்தன. தொழிற்சாலையிலிருந்து சரக்கு வேனாக வெளிவந்ததை வேறொரு நிறுவனம் படுக்கை, அடுப்பு, ஹீட்டர் பொருத்திக் கேம்பராக மாற்றியிருந்தது. ஆகவே வாரண்டி மூன்று பங்காகப் பிரிந்து கிடந்தது: எஞ்சினும் அடிச்சட்டமும் தயாரிப்பாளர் பொறுப்பு, உள்ளமைப்பு மாற்றியமைத்தவர் பொறுப்பு, ஹீட்டர் அதைச் செய்தவர் பொறுப்பு. சிக்கல் வந்த பிறகுதான் உரிமையாளர்களுக்கு இது தெரிந்தது.

உரிமையாளர்கள் ஓய்வுபெற்ற தம்பதி. இரண்டு வயதான வேனை இரண்டாம் கையாக, எஞ்சின் வாரண்டி மிச்சமிருக்கும்போதே வாங்கினார்கள். இதற்கு முன் அவர்களிடம் இருந்தது மிகப் பழைய வேன். மின்னணுக் கட்டுப்பாடு கிடையாது, கரி வடிகட்டி கிடையாது. அதில் கணவர் பல ஆண்டுகள், தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யப்படும் பயோடீசலைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி ஓட்டியிருக்கிறார். ஒரு முறை ரப்பர் குழாய்கள் உப்பிக் கசிந்ததைத் தவிர வேறு தொந்தரவு வரவில்லை. அந்த அனுபவம்தான் புதிய வேனிலும் அவர் கையைப் பிடித்து நடத்தியது.

புதிய வேனின் கையேடு பி7 வரை அனுமதித்தது, அதாவது 100 லிட்டர் டீசலில் 7 லிட்டர் பயோடீசல். டீசல் மூடியின் உட்புறத்திலும் அதே குறி. ஐரோப்பிய டீசல் தரமான ஈ.என். 590-இன் உச்சவரம்பும் இதுவே. அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். டி975 இன்னும் கறாராக 5 சதவீதத்தில் நிற்கிறது. அவர் ஊற்றியது பி20, அதாவது 20 சதவீதம் பயோடீசல். அதற்கென்று தனித் தரங்கள் இருக்கின்றன, அது கலப்படச் சரக்கும் அல்ல. ஆனால் இந்த எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்ட எரிபொருளும் அல்ல.

"டீசல் எஞ்சினே கடலை எண்ணெயில் ஓடிப் பிறந்ததுதானே சார்?" என்று முதல் சந்திப்பில் கேட்டார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது உண்மைதான். அந்த எஞ்சினுக்குக் கரி வடிகட்டி இல்லை. இந்த வழக்கு முழுவதும் அந்த வடிகட்டியைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதல் அறிகுறிகள்

பி20 ஊற்றத் தொடங்கிய நான்காம் மாதம், மலையேற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. வெளி மெக்கானிக் ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். பழையதில் பழுப்புப் பிசின் படிந்திருந்தது. பயோடீசல் நல்ல கரைப்பான், தொட்டியின் பழைய அழுக்கைக் கழுவிக் கொண்டுவருகிறது, ஒன்றிரண்டு ஃபில்டரில் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். பதினைந்து ஆண்டு டீசல் கசடு படிந்த தொட்டிக்கு அது சரியான விளக்கம். இரண்டரை வயது வேனின் தொட்டியில் கழுவிக் கொண்டுவர அவ்வளவு அழுக்கு ஏது? பிசின் எரிபொருளிலிருந்தே வந்திருக்கலாம் என்ற கேள்வி அன்று எழவில்லை.

பிறகு குடும்பக் காரணங்களால் வேன் நான்கரை மாதம் நின்றது. தொட்டியில் பாதி பி20, மேல் பாதி காற்று. அன்றாடம் ஓடும் வண்டிக்கும் கேம்பருக்கும் பெரிய வேறுபாடே இங்குதான். கேம்பர் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். பயோடீசல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் புளிக்கும், அமிலமும் பிசினும் உண்டாகும். சாதாரண டீசலைவிடப் பல மடங்கு நீரையும் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். நீர் பிரிந்து அடியில் தங்கினால் அந்த எல்லைக்கோட்டில் நுண்ணுயிர்கள் வளரும்.

மீண்டும் கிளம்பிய முதல் வாரத்திலேயே அறை ஹீட்டர் வெண்புகை விட்டு அணைந்தது. அதுவும் அதே தொட்டியிலிருந்துதான் டீசல் எடுக்கிறது. போர்வை போர்த்திக்கொண்டு சமாளித்துவிட்டார்கள். ஹீட்டர் ஒரு சிறிய, நுணுக்கமான அடுப்பு. எரிபொருள் கெட்டால் எஞ்சினுக்கு முன்பே முகம் சுளிப்பது அதுதான். அந்தப் புகைக்கு அப்போதே காது கொடுத்திருந்தால் இந்த அறிக்கை பாதியில் முடிந்திருக்கும்.

அடுத்த இரண்டு மாதங்களில் கரி வடிகட்டி விளக்கு மூன்று முறை எரிந்தது. மூன்றாம் முறை எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டது. இழுவை வண்டியில் ஏற்றி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுப்பு

அங்கே ஆயில் கோலை உருவிப் பார்த்தபோது உச்சக் குறிக்கு மேலே ஆயில் நின்றது. ஏறத்தாழ ஒரு லிட்டர் கூடுதல். எஞ்சின் ஆயில் தேய்ந்து குறையலாம், கூடக் கூடாது. கூடினால் உள்ளே வேறு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. எந்த டீசல் நிரப்பினீர்கள் என்று கேட்டதற்குக் கணவர் ஒளிவுமறைவில்லாமல் பி20 என்றார். வேலைத்தாளில் ஒரே வரி எழுதப்பட்டது: "அனுமதிக்கப்படாத பயோடீசல் பயன்பாடு, வாரண்டி பொருந்தாது." கூடவே மதிப்பீட்டுப் பட்டியலும் வந்தது: நான்கு இன்ஜெக்டர், உயரழுத்த பம்ப், கரி வடிகட்டி, தொட்டி சுத்தம். வேனின் விலையில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அனுமதியில்லாத எரிபொருளும் கெட்டுப்போன எஞ்சினும் ஒரே இடத்தில் நின்றால் இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது மனித இயல்பு. ஆனால் "வாரண்டி பொருந்தாது" என்ற சொற்றொடர் இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒன்றாக்கிவிடுகிறது. தவறான எரிபொருளால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்பது ஒன்று. தவறான எரிபொருள் ஊற்றியதால் வண்டிக்கே வாரண்டி போயிற்று என்பது வேறு. வாரண்டி என்பது பொருளிலும் செய்நேர்த்தியிலும் உள்ள குறைக்குத் தரும் உறுதி. எரிபொருளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாகம் தானாகக் கெட்டிருந்தால் அந்த உறுதி நிற்கும். இந்த வழக்கில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது இதைத்தான்.

எதையும் வடிக்காதீர்கள்

தொலைபேசியில் அவர்கள் அழைத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, தொட்டியை வடித்துவிட்டார்களா என்பது. இல்லை, ஆனால் டீசல் ஃபில்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை கட்டாயக் கரி எரிப்பு செய்வதாக இருந்தார்கள். கணினிக் கருவியை மாட்டி, வண்டி நின்ற இடத்திலேயே வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கும் வேலை அது. அதை உடனே நிறுத்தச் சொன்னேன். ஆயில் அளவு மிஞ்சியிருக்கும் எஞ்சினில் இதைச் செய்யக் கூடாது. டீசல் கலந்து நீர்த்த ஆயில் மூச்சுக் குழாய் வழியாகக் காற்று நுழைவாயிலுக்குப் போனால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

மறுநாள் சர்வீஸ் நிலையத்தார் முன்னிலையில் தொட்டியிலிருந்து மூன்று குப்பிகளும் ஆயில் தட்டிலிருந்து மூன்று குப்பிகளும் எடுத்தோம். ஒவ்வொன்றின் மூடிமேலும் இரு தரப்பும் கையெழுத்திட்டோம்: ஒன்று அவர்களுக்கு, ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு. எரிபொருள் தகராறுகளில் தோற்பவர்கள் பெரும்பாலும் சான்றை வடித்துக் கொட்டிவிட்ட பிறகே வழக்கை எடுக்கிறார்கள்.

இன்னொரு சான்று எதிர்பாராமல் கிடைத்தது. மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எந்த நாளில் எத்தனை லிட்டர், ஓடோமீட்டர் எண், ரசீது ஒட்டப்பட்ட பக்கங்கள். "எந்தத் தாளையும் தூக்கிப் போடமாட்டாள் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன்" என்றார் கணவர். அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில், வண்டி நின்றுபோவதற்கு ஐந்து வாரம் முன்பு, பென்சிலில் எழுதியிருந்தது: "ஆயில் ஏறியிருக்கிறதா?" கேள்விக்குறியோடு விட்டிருந்தார். அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஆயில் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்.

நான் செய்த தவறு

ஆயில் மாதிரிக்கு நான் கேட்டது வழக்கமான சோதனை. தீப்பற்றும் வெப்பநிலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, டீசல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணிக்கும் முறை. முடிவு 2 சதவீதத்துக்கும் கீழ் என்று வந்தது. ஆயிலில் பெரிதாக ஒன்றுமில்லை என்று உரிமையாளரிடம் சொல்லியும்விட்டேன். இரண்டு வாரம் அந்தப் பேச்சிலேயே போனது.

அதே தாளின் அடுத்த வரி பிறகுதான் உறைத்தது. 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலை 7.8 சென்டிஸ்டோக். 5டபிள்யூ-30 ரக ஆயிலுக்குக் கீழ்வரம்பே 9.3. ஒரு லிட்டர் கூடியிருக்கிறது, தண்ணீராக நீர்த்திருக்கிறது, ஆனால் டீசல் இல்லை என்றால் கணக்கு உதைக்கிறது. விடை எளிது. சாதாரண டீசல் 55 டிகிரியை ஒட்டியே தீப்பற்றலாம். தூய பயோடீசலுக்கு 100 டிகிரிக்கு மேல் வேண்டும். தீப்பற்றும் நிலையை வைத்துத் தேடினால் பயோடீசல் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். அகச்சிவப்புச் சோதனைக்கு மாற்றியதும் பயோடீசலின் வேதிப்பொருளான எஸ்டருக்கே உரிய உச்சம் வரைபடத்தில் தெளிவாக எழுந்தது. மொத்தக் கலப்பு ஏறத்தாழ 9 சதவீதம்.

அதைவிட முக்கியமான தகவல் இன்னொன்று. தொட்டியிலிருந்த எரிபொருளில் பயோடீசல் 17 சதவீதம். வழியில் சாதாரண டீசலும் நிரப்பியதால் 20-க்குக் கீழே. ஆயிலில் கலந்திருந்த எரிபொருளிலோ பாதிக்கு மேல் பயோடீசல். இன்ஜெக்டர் ஒழுகி நேராக ஆயிலில் விழுந்திருந்தால் விகிதம் தொட்டியில் இருப்பதை ஒட்டியே இருக்கும். இங்கே டீசல் ஆவியாகிப் போய், பயோடீசல் மட்டும் தங்கிச் சேர்ந்திருக்கிறது.

பொறிமுறை

கரி வடிகட்டியைச் சூடாக்க இந்த எஞ்சின் ஒரு தந்திரம் செய்கிறது. சிலிண்டரில் எரிதல் முடிந்து, பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் டீசலைப் பிந்தித் தெளிக்கிறது. அது ஆவியாகி வெளியேற்றக் குழாய்க்குப் போய் அங்கே எரிந்து வெப்பம் தர வேண்டும். டீசலின் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது; அது 180 டிகிரியிலிருந்தே பரவலாக ஆவியாகும் சரக்கு. பயோடீசலோ பெரும்பாலும் 320-க்கும் 350-க்கும் இடையில்தான் ஆவியாகும். அதனால் சிலிண்டர் சுவரில் படிந்து, வளையங்களைத் தாண்டி, ஆயில் தட்டில் இறங்கிவிடுகிறது. இறங்கியது திரும்ப ஆவியாவதும் இல்லை. பிந்தித் தெளிப்புக்கு வெளியேற்றக் குழாயிலேயே தனி முனை வைத்த எஞ்சின்கள் இருக்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. இந்த வேனில் அது இல்லை.

இதுவரை பார்த்தால் சர்வீஸ் நிலையம் எழுதிய வரி சரிதான் என்று தோன்றும். ஆனால் பிந்தித் தெளிப்பு எப்போதாவது நடக்க வேண்டிய ஒன்று. எஞ்சின் கணினியின் பதிவில், முதல் ஆண்டில் சராசரியாக 600 கிலோமீட்டருக்கு ஒரு முறை நடந்த கரி எரிப்பு, கடைசி மாதங்களில் 90 கிலோமீட்டருக்கு ஒரு முறை நடந்திருந்தது. அவற்றில் பல பாதியில் அறுந்தவை. பயோடீசல் கரியை அதிகமாக்குமா? இல்லை. அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் புகைக்கரி பொதுவாகக் குறையும். அப்படியானால் வடிகட்டி இவ்வளவு விரைவில் நிரம்பியது எப்படி?

நிரம்பவே இல்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சாரைப் பார்த்தேன். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பினால் அது பூஜ்யம் காட்ட வேண்டும். காற்றே ஓடாத இடத்தில் அழுத்த வேறுபாடு எங்கிருந்து வரும்? அது 22 மில்லிபார் காட்டியது. சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. கணினி அதை நம்பி, காலியாக இருந்த வடிகட்டியை எரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு எரிப்பிலும் பயோடீசல் கொஞ்சம் ஆயிலில் சேர்ந்தது. தம்பதியின் ஓட்டும் முறையும் துணைபோனது. இடத்தைப் பிடித்ததும் எஞ்சினை அணைப்பது, தண்ணீர் பிடிக்க ஐந்து கிலோமீட்டர் போய்வருவது என்று எரிப்புகள் நடுவில் அறுந்தபடியே இருந்தன.

சென்சார் கெட்டதற்கும் பயோடீசலுக்கும் தொடர்பு இல்லை. அது எரிபொருளைத் தொடுவதே கிடையாது.

எடுத்த முடிவுகள்

வரிசையை மாற்றினோம். முதலில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தோம்; உலோக மினுக்கம் இல்லை. டர்போ தண்டின் ஆட்டமும் வரம்புக்குள் இருந்தது. ஆகவே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன். நீர்த்த ஆயிலில் ஓடிய தாங்கிகளுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது என்பதையும் எழுத்தில் கொடுத்தேன்.

அடுத்து தொட்டியை வடித்துச் சுத்தம் செய்து, புது டீசல் ஃபில்டர் போட்டு, சாதாரண டீசல் நிரப்பினோம். சென்சாரையும் அதன் குழாய்களையும் மாற்றினோம். அதன்பின் வடிகட்டியின் உண்மையான அழுத்தத்தை அளந்தபோது, அந்தத் தூரத்துக்கு இயல்பான அளவே இருந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்று பட்டியலில் இருந்த மிக விலையுயர்ந்த பாகம் நல்ல நிலையில் இருந்தது. புது ஆயில் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் அதையும் மாற்றினோம், மூலைகளில் தங்கிய மிச்சத்துக்காக.

இன்ஜெக்டர்களில் மூன்று சரி. நான்காவதில் தெளிக்கப்படாமல் திரும்பும் டீசலின் அளவு அதிகம், முனையில் அரக்கு போன்ற படிவு. இது புளித்த எரிபொருளின் வேலையா, உற்பத்திக் குறையா? பிரித்துப் பார்த்தும் எனக்கு உறுதியாகவில்லை. அப்படியே அறிக்கையில் எழுதினேன். திரும்பும் டீசல் தொட்டிக்குத்தான் போகும், ஆயிலுக்கு அல்ல என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது

தயாரிப்பாளருக்கு அனுப்பிய கடிதத்தில் வாதாடவில்லை. எந்தப் பாகம் கெட்டது, எந்த வழியில் கெட்டது, அந்த வழியில் எரிபொருளுக்கு என்ன பங்கு என்று பாகம் பாகமாக எழுத்தில் பதில் கேட்டோம். கணினிப் பதிவும், சென்சார் அளவின் படமும், ரசீதுகளும் இணைத்தோம். பி20 ஊற்றியதை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டோம். ஆய்வகம் எப்படியும் சொல்லிவிடும் ஒன்றை மறைப்பது, மீதி உண்மைகளின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

வண்டி நின்ற நாளிலிருந்து பதினொரு வாரம் கழித்துத் தீர்வு வந்தது. சென்சார், குழாய்கள், முதல் ஆயில் மாற்றம், அதற்கான கூலி ஆகியவை வாரண்டியில் சேர்ந்தன. நான்காம் இன்ஜெக்டரின் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். அதைச் சலுகை என்று எழுதினார்கள், ஒப்புதல் என்று அல்ல. தொட்டி சுத்தம், ஃபில்டர்கள், இரண்டாம் ஆயில், ஆய்வகக் கட்டணம், இழுவை வண்டி ஆகியவை உரிமையாளர் தலையில். ஹீட்டரைச் செய்தவர் மறுத்தார். எரிகலம் முழுவதும் பிசின் படிந்திருந்ததால் அந்த மறுப்பு நியாயமானது, நான் எதிர்க்கவில்லை. வண்டியின் பதிவேட்டில், இனி எரிபொருள் அமைப்பு சார்ந்த கோரிக்கைகள் தனியாக ஆராயப்படும் என்ற குறிப்பும் ஏறியது. அதை நீக்கக் கேட்டோம், நீக்கவில்லை. வேனை விற்கும்போது அது கூடவே போகும்.

அதன்பின் 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கரி எரிப்பு இடைவெளி 550-க்குக் கீழே இறங்கவில்லை. ஆயில் அளவு ஏறவில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

என் பக்கம் முதலில். பயோடீசல் என்ற சொல்லைக் கேட்ட நொடியே அகச்சிவப்புச் சோதனையைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வாரம் வீணானது என்னால். முதல் உரையாடலிலேயே ஹீட்டரைப் பற்றிக் கேட்டிருந்தால் எரிபொருள் கெட்டுப்போன காலத்தை இன்னும் துல்லியமாகக் குறித்திருக்கலாம்.

சர்வீஸ் நிலையம் சென்சாரின் பூஜ்ய அளவைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பி20 என்ற விடை கிடைத்ததும் அவர்கள் தேடலை நிறுத்திவிட்டார்கள். நான் ஆயில் முடிவு வந்ததும் நிறுத்தியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

உரிமையாளர் பி20-ஐ விட்டுவிட்டார், மனமில்லாமல்தான். அடுத்த வண்டி வாங்கும்போது பி20-ஐ அனுமதிக்கும் எஞ்சினாகவே தேடுவேன் என்கிறார். அப்படிப்பட்டவை இருக்கின்றன, கையேட்டை வாங்குவதற்கு முன் படித்தால் போதும். நீண்ட நாள் நிறுத்தும் முன் இப்போது தொட்டியைச் சாதாரண டீசலால் விளிம்புவரை நிரப்புகிறார்கள், காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் விடாமல். கரி எரிப்பு நடக்கும்போது இடம் வந்துவிட்டாலும் இன்னும் கால் மணி நேரம் ஓட்டுகிறார்கள். மனைவியின் நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. ஒவ்வொரு நிரப்பலுக்கும் எதிரே, ஆயில் கோலின் இரு குறிகளுக்கு நடுவே அன்று ஆயில் எங்கே நின்றது என்று ஒரு சிறு கோடு.